வக்கீலம்மாவுக்கு ஒரு கார்

திருவண்ணாமலை
8 ஜூன் 2025

பாய்ஜானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று பக்ரீத்தும் அதுவுமாக நீங்கள் போனைப் பாதியிலேயே வைத்துவிட்டீர்கள். அம்மி இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "பண்டிகை நாள்ல அண்ணனுக்குக் கோவம் வர வெச்சிட்டே" என்று பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதனால்தான் ஈமெயில். போனில் பேசினால் அம்மி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். ஸ்பீக்கரில் வந்தாலே நீங்கள் என் அண்ணனாகப் பேசுவதில்லை, மஸ்கட்டிலிருந்து தீர்ப்புச் சொல்கிற ஆளாகிவிடுகிறீர்கள். நமக்கு உருது பேசத்தான் வரும், எழுத வராது. பள்ளிக்கூடத்தில் படித்த தமிழிலேயே எழுதுகிறேன்.

ஏன் கார் என்று கேட்டீர்கள். பதில் சொல்லவிடவில்லை. இப்போது சொல்கிறேன்.

சீனியரிடமிருந்து விலகி வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே நான் தனியாக ஆபீஸ் போட்டது உங்களுக்குத் தெரியும். போன வாரம் ஒரு ரைஸ்மில் முதலாளி பாகப்பிரிவினை வழக்கு விஷயமாக நேரில் வரச் சொன்னார். இதுவரை என்னைத் தேடி வந்ததிலேயே பெரிய வழக்கு. ஸ்கூட்டரில் போனேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. மில் கேட்டில் போய் நின்றபோது வெள்ளைச் சுடிதாரில் முழங்கால் வரை சேறு. வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "கொரியரா? அந்த டேபிள் மேல வெச்சிட்டுப் போம்மா" என்றார். நான் வக்கீல் என்றேன். "வக்கீலம்மா வர்றாங்கன்னு சொன்னாங்க. அவங்க வண்டி பின்னாடி வருதா?" என்று எனக்குப் பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தார்.

முதலாளி டீ கொடுத்தார். நன்றாகத்தான் பேசினார். வழக்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே ஷோரூமுக்குப் போனேன். அங்கே இருந்தவர் "சார் வரலையா மேடம்?" என்றார். "எந்த சார்?" என்று கேட்டேன். அதற்கப்புறம் ஒழுங்காகப் பேசினார். கறுப்பு நிற எஸ்யூவி. ஓட்டிப் பார்த்தேன். உயரமாக உட்கார்ந்து போகும்போது ரோடே வேறு மாதிரி இருந்தது. முன்னால் போன ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். பாய்ஜான், இந்த ஊரில் எனக்கு ஒருத்தர் ஒதுங்கி வழிவிட்டது அதுதான் முதல் தடவை.

ஏழு வருடத் தவணை. உங்களிடம் நான் பணம் கேட்கவில்லை. "சந்தோஷம்" என்ற ஒரு வார்த்தையை எதிர்பார்த்தேன். நீங்கள் "பொண்ணுக்கு எதுக்கு அவ்ளோ பெரிய வண்டி" என்றீர்கள்.

மெஹ்விஷ்

*

மஸ்கட்
13 ஜூன் 2025

மெஹ்வி,

வ அலைக்கும் அஸ்ஸலாம். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, லீவு. தொழுதுட்டு வந்து உக்காந்திருக்கேன். தமிழ்ல டைப் அடிக்க எனக்கு ஜாஸ்தி நேரம் ஆகுது. ஃபர்சானா பக்கத்துல உக்காந்து தப்பு திருத்தறா. அதனால அவளும் படிக்கறா, தெரிஞ்சுக்க.

நீ மழையில நனைஞ்சது கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா அந்த மில்லுக்காரர் கார் இல்லன்னுதான் கேஸை மாத்தினாருன்னு உனக்கு யார் சொன்னது? நீயே நினைச்சுக்கிட்ட. வக்கீல் நீ, சாட்சி இல்லாம பேசலாமா?

இப்ப நான் சொல்றதைக் கேளு. ஆகஸ்ட்ல வேலூர்காரங்க உன்னைப் பாக்க வர்றாங்க. ஜானி பாஷா மாமு கொண்டு வந்த சம்பந்தம், நல்ல மனுஷங்க. பையன் முபின் ஒரு ஆஸ்பத்திரி மருந்துக்கடையில பார்மசிஸ்ட். எங்க போனாலும் பஸ்ல போற குடும்பம். அவங்க வர்ற அன்னைக்கு வாசல்ல மலை மாதிரி ஒரு கறுப்பு வண்டி நின்னா என்ன நினைப்பாங்க? ஒண்ணு, இந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு சரிப்படாதுன்னு டீ குடிச்சிட்டுக் கிளம்பிடுவாங்க. இல்லன்னா இவங்ககிட்ட நிறைய இருக்குதுன்னு கணக்குப் போடுவாங்க. ரெண்டும் நமக்கு வேணாம்.

அப்புறம் ஏழு வருஷம். ஆபீஸ் போட்டு நாலு மாசம், அந்த வருமானத்தைப் பாத்து ஏழு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடறது எனக்கு பயமா இருக்குது. கல்யாணம் ஆகி வேலூர் போயிட்டா அந்தத் தவணையை யார் கட்டுவாங்க? நம்ம தெருவுல அந்த வண்டியைத் திருப்ப முடியுமா? பௌர்ணமி வந்தா ரோட்டை அடைச்சிடறாங்க, ஊருக்குள்ள எடுக்கவே முடியாது. சின்னதா ஒண்ணு வாங்கு. இல்லன்னா கல்யாணம் முடியட்டும்.

போன்ல நீ ஒண்ணு சொன்ன, "நீங்க அங்க கார்ல சுத்தறீங்க, நான் இங்க நனையறேன்"னு. நான் ஓட்டறது கம்பெனி பிக்கப், மெஹ்வி. பின்னாடி ஏசி மெஷினும் பைப்பும் இருக்கும். இந்த மாசத்துல மத்தியானம் ஸ்டியரிங்கைத் தொட முடியாது, துணி சுத்திப் புடிக்கணும். சொல்லணும்னு தோணிச்சு, சொல்லிட்டேன்.

சாகில்

மெஹ்வி, கறுப்பு மட்டும் எடுக்காதே. நம்ம ஊர் தூசி அப்படியே தெரியும். வெள்ளை எடு. – ஃபர்சானா பாபி

*

திருவண்ணாமலை
17 ஜூன் 2025

பாய்ஜானுக்கு,

முன்பணம் கட்டிவிட்டேன். கறுப்புதான். பாபிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் வண்டியைப் பற்றிப் பேசினவர் உங்கள் மனைவி ஒருவர்தான். நீங்கள் வேலூரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள்.

பெண் கொடுக்கிற வீட்டில் மாப்பிள்ளைக்குக் கார் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இருந்தால் அது தகுதி. அதே கார் பெண்ணிடம் இருந்தால் "நம்ம வீட்டுக்கு சரிப்படாது". என் வண்டியைப் பார்த்து யாராவது திரும்பிப் போனால், எனக்கு லாபம் என்றுதான் நினைப்பேன். ஐந்து வருடம் சட்டம் படித்து, மூன்று வருடம் சீனியர் ஆபீஸில் கேஸ் கட்டு தூக்கியது வேலூர்காரர்களைப் பயமுறுத்தாமல் இருப்பதற்காக இல்லை.

சாட்சி கேட்டீர்கள். கோர்ட் வாசலில் வந்து நில்லுங்கள். காரில் வந்து இறங்குகிற ஜூனியரைக் கட்சிக்காரர்கள் "சார்" என்கிறார்கள். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்துகிற என்னிடம் "வக்கீல் எப்ப வருவாரு?" என்று கேட்கிறார்கள். இது வெறும் ஜம்பமா? எனக்கு இது பிழைப்பு.

இன்னொன்றும் சொல்கிறேன், அம்மிக்குத் தெரிய வேண்டாம். கீழ்பென்னாத்தூர் பக்கம் கட்சிக்காரர்களைப் பார்த்துவிட்டு இருட்டும் நேரத்தில் தனியாக வருவேன். பின்னால் ஒரு பைக் வரும். அது என்னைத் தாண்டிப் போகிறவரை எனக்கு மூச்சே வராது. தாண்டாமல் கூடவே வந்த நாட்களும் உண்டு.

வண்டி கைக்கு வர ஆறு வாரம் ஆகுமாம். என்னோடு படித்த மணிமொழியிடம் அதே வண்டி இருக்கிறது. அதுவரை வேண்டும்போது எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள்.

உங்கள் பிக்கப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன்.

மெஹ்விஷ்

*

மஸ்கட்
20 ஜூன் 2025

மெஹ்வி,

முன்பணம் கட்டிட்டு எங்கிட்ட என்ன கேக்கற. பாத்து ஓட்டு. இனிமே இதைப் பத்தி நான் பேசல. அம்மிக்கு முட்டிவலி மாத்திரை முடிஞ்சிருக்கும், வாங்கிக் குடு.

சாகில்

*

திருவண்ணாமலை
14 ஜூலை 2025

பாய்ஜானுக்கு,

நீங்கள் பேசவில்லை என்றால் பரவாயில்லை. படித்தால் போதும். இதை வேறு யாரிடமும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமத்தில் ரேணுகாம்பாள் என்று ஒரு அம்மா. கணவர் இறந்து ஒரு வருடம். அவருடைய பங்கு நிலத்தை, நிலக்கடலை போட்டிருந்த காட்டை, கொழுந்தனார்கள் இரண்டு பேர் உழுதுகொண்டிருக்கிறார்கள். இரண்டு தடவை என் ஆபீஸுக்கு வந்தார். முதல் தடவை அழுதார். இரண்டாம் தடவை மடியில் முடிந்து வைத்திருந்த சீட்டுகளை எடுத்துக் காட்டினார். மீதிப் பத்திரங்கள் வீட்டில் இருக்கின்றன, வந்து பாருங்கம்மா என்றார்.

மணிமொழியின் வண்டியில் போனேன். தெருவுக்குள் வண்டி நுழையவில்லை. முனையிலேயே நிறுத்தினேன். அங்கே ஒரு வேப்பமரத்தடியில் அந்தக் கொழுந்தனார்கள் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் எழுந்தார்கள், பாய்ஜான். பெரியவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு, "வாங்க மேடம்" என்றார். சின்னவர் உள்ளே ஓடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். நானும் இரண்டு நிமிடம் உட்கார்ந்தேன். மறுத்தால் மரியாதை இல்லை என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு அது பிடித்திருந்தது.

ரேணுகாம்பாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போனதும் மோர் கொடுத்தார். பத்திரத்தைக் கேட்டேன். "தேடி வெக்கறேம்மா, கெடைக்கல" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஆபீஸுக்கு வரவில்லை. போன வாரம் அவர் வேறொரு வக்கீலுக்கு வக்காலத்து கொடுத்துவிட்டது தெரிந்தது.

கேட்காமல் இருக்க முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். திட்டவா போனேன், கெஞ்சவா போனேன், தெரியவில்லை. அவர் யாருடைய களத்திலோ கூலிக்குக் கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று.

"உங்க மேல கொறை இல்லம்மா. அவ்ளோ பெரிய வண்டியில வந்தீங்க. அதுக்கு டீசலு போடவே நான் காட்டை விக்கணும். நான் எங்க போயி உங்களுக்கு பீஸ் குடுக்கறது?"

"நான் பீஸ் அதிகம் கேட்கலையேம்மா."

"நீங்க கேக்கல. வண்டி கேக்குதே." அப்புறம் கொஞ்ச நேரம் கடலையைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "அதுவுமில்லாம அவனுங்க உங்களுக்குச் சேர் போட்டானுங்க. நீங்களும் உக்காந்தீங்க. எனக்கு இந்த ஊர்ல யாரும் சேர் போட மாட்டாங்க. பயந்துட்டேம்மா."

திரும்பி வரும்போது ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ரைஸ்மில் வாட்ச்மேன் பொய் இல்லை. இருட்டில் வருகிற பைக்கும் பொய் இல்லை. ஆனால் என்னைத் தேடி ஜெராக்ஸ் கடை மாடிப்படி ஏறி வருகிறவர்களை நினைத்துப் பார்த்தேன். ரைஸ்மில் முதலாளி மாதிரி ஒருவர்கூட அதில் இல்லை. எல்லோரும் ரேணுகாம்பாள்கள். அந்தப் படி ஏறி வராத ஒருவருக்காக வண்டி வாங்கி, என்னைப் பார்க்க வருகிறவர்களை மிரட்டப்போகிறேனா?

வண்டி இன்னும் இரண்டு வாரத்தில் வந்துவிடும். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. என்னோடு சேர்ந்து கொஞ்சம் யோசியுங்கள் என்று கேட்கிறேன்.

மெஹ்விஷ்

*

மஸ்கட்
18 ஜூலை 2025

மெஹ்வி,

ரெண்டு தடவை படிச்சேன். ஃபர்சானாவும் படிச்சா. இந்த லெட்டரை நானே அடிக்கறேன், அவளைத் திருத்த விடல. தப்பு இருந்தா பொறுத்துக்க.

போன தடவை ரெண்டு வரியில நிறுத்தினேன் இல்ல, கோவத்துல இல்ல. பின்னாடி பைக் வரும்னு எழுதியிருந்த. அதைப் படிச்சதுக்கப்புறம் எனக்கு எதுவும் எழுத வரல. இத்தனை வருஷமா தினம் போன்ல "சாப்பிட்டியா, அம்மி எப்படி இருக்காங்க"ன்னு கேக்கறேன். நீ எப்படி வீட்டுக்கு வர்றன்னு ஒரு நாள்கூடக் கேக்கல.

இன்னொண்ணு. வேலூர்காரங்க பயப்படுவாங்கன்னு சொன்னேன். அது பாதிதான் நிஜம். உன் கல்யாணத்துக்கு ஒரு கார் வாங்கிக் குடுக்கணும்னு எனக்கு ஆசை. அவங்க கேக்கறதுக்கு முன்னாடி, வரதட்சணைன்னு இல்லாம, என் தங்கச்சிக்கு நான் குடுக்கறதுன்னு. இங்க பக்கத்து ஃப்ளாட்ல இருக்கறவங்க, கம்பெனியில இருக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீ திடீர்னு போன் பண்ணி நானே வாங்கறேன்னு சொன்ன. என் கையில இருந்ததைப் புடுங்கின மாதிரி இருந்தது. வேற என்ன சொல்றதுன்னு தெரியாம "பொண்ணுக்கு எதுக்கு"ன்னு சொல்லிட்டேன். ஜம்பம் உனக்கு மட்டும் இல்ல, எனக்கும்தான்.

சரி, யோசிக்கச் சொன்ன. யோசிச்சேன்.

கார் வேணும். அதுல பேச்சே இல்ல. ஆகஸ்ட் வரைக்கும்கூட தள்ளாத. ஆனா வண்டியைப் பத்தி யோசிக்காம, அதுல யார் யார் ஏறுவாங்கன்னு யோசி. அம்மிக்கு முட்டிவலி, ரொம்ப தாழ்வா இருந்தா இறங்க முடியாது. அந்த ரேணுகாம்பாள் மாதிரி ஒருத்தங்களைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி ஆகும், அவங்க செருப்பைக் கழட்டிட்டு ஏறலாமான்னு யோசிக்கக் கூடாது. கிராமத்துத் தெருவுல நுழையணும், நம்ம தெருவுல திரும்பணும். கதவு சாத்தினா நீ மூச்சு விடணும். இவ்ளோதான். ஏழு வருஷம் வேணாம். உன் ஆபீஸ் வாடகை குடுத்துட்டு, ஒரு மாசம் கேஸே வராட்டியும் தூங்கற அளவுக்கு வெச்சுக்க. ஒரே ஆள் ஓட்டின பழைய வண்டியா இருந்தாலும் எனக்குக் கவலை இல்ல. முன்பணத்துல கொஞ்சம் புடிச்சுக்குவாங்க, போகட்டும்.

வேலூர்காரங்களை விடு. பாத்துக்கலாம்.

சாகில்

*

திருவண்ணாமலை
11 ஆகஸ்ட் 2025

பாய்ஜானுக்கு,

போனில் அம்மி பாதியைச் சொல்லியிருப்பார். அவர் சொன்னது சரியில்லை. நான் அவமரியாதையாக எதுவும் பேசவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கறுப்பு வண்டியை ரத்து செய்ததும் ஷோரூம்காரர், "வீட்ல வேணாம்னுட்டாங்களா மேடம்?" என்று இரக்கத்தோடு கேட்டார். "இல்லைங்க, நானே வேணாம்னுட்டேன்" என்றேன். நம்பினாரா தெரியவில்லை. பிறகு இரண்டு வாரம் அலைந்தேன். கடைசியில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரு ஓய்வுபெற்ற டாக்டரம்மா பெங்களூருக்குப் போவதாகச் சொல்லித் தன் வண்டியைக் கொடுத்தார். சின்ன வண்டி. ஆனால் சீட் உயரம். அம்மி கையை ஊன்றாமல் ஏறி உட்கார்ந்தார், அப்போதே முடிவு செய்துவிட்டேன். மூன்று வருடத் தவணை. நிறம் செங்கல் மாதிரி ஒரு சிவப்பு, பாபிக்குப் பிடிக்காது. பின் சீட்டில் என் கறுப்புக் கோட்டைத் தொங்கவிட ஒரு கொக்கி மாட்டியிருக்கிறேன். மழை பெய்தாலும் காய்ந்த கோட்டோடு கோர்ட்டுக்குள் போகிறேன். "வக்கீல் எப்ப வருவாரு?" என்று இன்னும் கேட்கிறார்கள். "வந்துட்டாரு, சொல்லுங்க" என்கிறேன்.

ரேணுகாம்பாள் திரும்பி வரவில்லை. அந்த வக்கீல் நல்லவர், வழக்கை ஒழுங்காக நடத்துகிறார், நான் விசாரித்தேன். ஆனால் போன வாரம் அதே ஊரிலிருந்து இன்னொரு பெண்மணி ஜீவனாம்ச வழக்குக்காக வந்தார். யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன். "ரேணுகாக்காதான். அந்த அம்மா மெனக்கெட்டு வந்து ஏன்னு கேட்டுச்சு, அதுகிட்ட போன்னாங்க" என்றார்.

இப்போது வேலூர் விஷயம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை முபினும் அவருடைய அம்மாவும் ஜானி பாஷா மாமுவோடு பஸ்ஸில் வந்தார்கள். அம்மி பிரியாணி, கத்திரிக்காய் தால்ச்சா என்று அமர்க்களப்படுத்தியிருந்தார். முபின் அதிகம் பேசவில்லை. என் வேலையைப் பற்றிக் கேட்டார். கேட்டுவிட்டு, பதிலையும் கவனித்தார். சாப்பிட்டு முடித்து அவர்கள் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மாமு ஆட்டோவுக்குப் போன் செய்தார், ஒருவரும் வரவில்லை. நான் சாவியை எடுத்தேன். அம்மி கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் வண்டியை எடுத்தேன்.

முபினுடைய அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தார். முபினும் மாமுவும் பின்னால். பெரிய தெரு முழுக்கத் தண்ணீர், பக்தர் கூட்டம் வேறு. அந்த அம்மா வண்டியின் டேஷ்போர்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இது யார் வாங்கினது?"

"நான்தான், பழைய வண்டி. தவணை கட்டிட்டிருக்கேன்."

"கல்யாணம் ஆனதுக்கப்புறம் இது எங்க இருக்கும்?"

மாமு இருமினார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "நான் எங்க இருக்கேனோ அங்க இருக்கும்" என்றேன். "என் ஆபீஸ் இங்க இருக்குது."

முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு வருத்தமாகவும் இருந்தது, ஏனென்றால் அந்த மனிதரை எனக்குப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. அப்போது பின்னாலிருந்து முபின், "அம்மி, மருந்துக்கடை இந்த ஊர்லயும் இருக்குதே" என்றார்.

அந்த அம்மா திரும்பி மகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இவனுக்கு ஓட்டத் தெரியாது. கத்துக்கோன்னா கேக்க மாட்டேங்கறான். நீ சொல்லிக் குடுப்பியா?" என்றார்.

"கத்துக்கறதா இருந்தா சொல்லிக் குடுக்கறேன்" என்றேன். பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது.

இன்று காலை மாமுவுக்கு போன் வந்திருக்கிறது. அவர்களுக்குச் சம்மதமாம். என்னைக் கேட்டார்கள், நானும் சரி என்றேன். அம்மி அதை உங்களுக்குச் சொல்லிவிட்டார், தெரியும். ஆனால் என் கையாலும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

மெஹ்விஷ்

*

மஸ்கட்
15 ஆகஸ்ட் 2025

மெஹ்வி,

அல்ஹம்துலில்லாஹ். சந்தோஷம். மொத லெட்டர்லயே நீ கேட்ட வார்த்தை, இப்ப எழுதறேன். ரெண்டுக்கும் சேத்துதான், காருக்கும் கல்யாணத்துக்கும்.

முபின்கிட்ட நேத்து பேசினேன். நல்லா பேசினாரு. "மச்சான், அவங்க வண்டி ஓட்டும்போது பேச்சுக் குடுக்கவே பயமா இருந்தது, ஆனா பிரேக் போடறதே தெரியல"ன்னாரு. இந்த ஆள் பரவாயில்லன்னு முடிவு பண்ணிட்டேன்.

கம்பெனியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், என் தங்கச்சி அவளே கார் வாங்கிட்டான்னு. ஒருத்தன் கேட்டான், அப்ப நீ என்ன குடுக்கப்போறன்னு. தெரியல, நீயே யோசிச்சு சொல்லு. உன் ஆபீசுக்கு நாலு நல்ல நாற்காலி வாங்கித் தரட்டுமா? மாடிப்படி ஏறி வர்றவங்க எல்லாரும் உக்காரட்டும்.

டிசம்பர்ல லீவு கெடைச்சிடுச்சு. நிக்காஹ் தேதியை மாமுகிட்ட பேசி வெச்சிடு. நாங்க நாலு பேரும் வர்றோம். ஒவ்வொரு தடவையும் சென்னை ஏர்போர்ட்டுல இருந்து பெரிய வண்டி வாடகைக்கு எடுத்து, மேல பெட்டியெல்லாம் கட்டி, தெரு பூரா பாக்கற மாதிரி வந்து இறங்குவேன் இல்ல. அந்த வாடகையை நினைச்சாலே வயிறு எரியும், ஆனா மஸ்கட்காரன் வந்துட்டான்னு நாலு பேர் சொல்லணுமே. இந்தத் தடவை வேணாம். நீயே வா.

உன் வண்டி சின்னதுன்னு ஃபர்சானாகிட்ட சொன்னேன். பெட்டியைக் கம்மி பண்ணணும்னு சொன்னதுல இருந்து அவ எங்கிட்ட பேசல. அவளும் பசங்களும் பின்னாடி உக்காந்துக்கட்டும். முன் சீட்டு எனக்கு. திண்டிவனம் தாண்டினதும் டீ குடிக்க நிறுத்து.

சாகில்